ஏழாம் நம்பர் கிரகவாசி

ஒன்பதாவது மைலில் லாரியை நிறுத்தி
எங்களை எண்ணினார்கள். இருபத்திரண்டு தலை.
வேண்டியதோ ஒரு கிரகத்தின் ஜனத்தொகை.

"செத்தவங்க எந்திரிச்சு பாறைக்குப் பின்னால ஓடி
அந்தப் பக்கமா திரும்ப வாங்க" என்றார் உதவி டைரக்டர்.
மதியச் சாப்பாட்டுக்குள் நான் நாலு முறை செத்திருந்தேன்.
முதல் சாவுக்கு ஏழு ரூபாய்.
மற்ற மூன்றும் அதிலேயே அடக்கம்.

உடம்பில் சுற்றியிருந்தது
தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள்.
நடுவட்டம் ஃபேக்டரி ஸ்டோர்கீப்பர் ஜோசப்ராஜ்
கண்டுங்காணாமல் விட்டது.
குனிந்தால் கிழியும்,
நிமிர்ந்தால் சத்தம் போடும்,
மூச்சு விட்டால்கூட மொறுமொறுக்கும்.
ஹாலன் உள்ளே ஸ்வெட்டர் போட்டிருந்தான்.
கழுத்துக்கு மேல் மஃப்ளர் நுனி, பச்சைக் கம்பளி,
கறுப்பு வெள்ளையிலும் எனக்குப் பச்சையாகவே தெரியும்.

பூமி மக்களாக நடிக்க
மதராஸிலிருந்து பஸ்ஸில் ஆள் வந்திருந்தது.
அவர்கள் பொட்டலத்தில் முட்டை இருந்தது.

பதினொரு மணிக்குப் பைக்காரா பக்கமிருந்து பனி ஏறி வந்து
ராக்கெட்டை மூடியது.
"செவ்வாயில ஏது சார் மேகம்?" கேமராக்காரர் சலித்தார்.
டைரக்டர் சிகரெட்டை ஷூவில் தேய்த்தார்.
"நீ போய்ப் பாத்தியா?"

கதாநாயகன் துப்பாக்கியை நீட்டினான்.
அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.
வெளிச்சத்தைப் பிற்பாடு ஃபிலிமில் கீறிச் சேர்ப்பார்களாம்.
"டுமீல், ரெண்டாவது வரிசை!" என்று ஒருவர் கத்த
விழுந்தோம்,
கொழுந்து எடுக்கும்போது நிரை பிடிப்பதுபோல
ஒருவரையொருவர் முந்தாமல்.

அப்புறம்தான் தலைவி வேண்டுமென்றார்கள்.
உயரத்தைப் பார்த்துப் பாக்கியத்தை இழுத்து நிறுத்தினார்கள்.
"உங்க கிரகத்துப் பாஷையில ஏதாச்சும் பேசும்மா.
யாருக்கும் புரியக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் கப்பலிறங்கி இரண்டு வருஷம் முடியவில்லை.
கொஞ்சம் யோசித்தாள்.
மண்டபம் கேம்ப்பில் கொடுத்த குடும்ப அட்டையின் நம்பரை
சிங்களத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தாள்:
துன, ஹத்தர, ஹத்தர, நமய.
பிறகு விட்டு வந்த தோட்டத்தின் பேர்,
லயத்தின் நம்பர்,
வந்தவர்கள் நாலு,
அங்கேயே நின்றுபோனவர் ஒன்று.

எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.
ஹாலனுக்கு மட்டும் புரியவில்லை,
அவன் இந்த ஊர்க்காரன்.

படத்தில் விஞ்ஞானி
காதில் ஒரு கருவியை வைத்துக் கேட்டுவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மொழிபெயர்க்கிறார்:
"நமது உலகைக் கைப்பற்றப் போவதாகச் சொல்கிறாள்."

ஊட்டிக் கொட்டகையில் விசில் பறந்தது.
பெஞ்சு டிக்கெட்டில் எனக்குப் பக்கத்திலிருந்த பாக்கியம்
கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.
டைட்டிலில் ஜோசப்ராஜுக்கு நன்றி போட்டிருந்தார்கள்,
எழுத்துப் பிழையோடு.
நாங்கள் "மற்றும் பலர்".

இப்போது அது ஃபோனில் கிடைக்கிறது.
கட்டைவிரலால் நிறுத்தி நிறுத்தி எண்ணுகிறேன்.
என் நாலு சாவில் மூன்றை வைத்திருக்கிறார்கள்,
ஒன்றில் முதுகு மட்டும்.

கடைசிக் காட்சிக்கு வருவேன்.
போர் முடிந்துவிட்டது.
கதாநாயகன் கதாநாயகியிடம்
இனி மனிதகுலத்துக்கு அச்சமில்லை என்கிறான்.
அவள் தோளுக்குப் பின்னால், மங்கலாக,
செத்துக் கிடந்த பாக்கியம்
கையூன்றி எழுந்து உட்காருகிறாள்.
ஈயத்தாளில் ஒட்டிய புல்லைத் தட்டுகிறாள்.
மழை வருமா என்று
அண்ணாந்து பார்க்கிறாள்.

யாரும் கட் சொல்லவில்லை.