தானாகவே

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்குப்
பன்னிரண்டு மடிகணினிகள் வந்தன,
கொழும்பிலேயே பூட்டி அனுப்பியவை.
திரையின் படத்தைக்கூட இங்கே மாற்ற முடியாது.
'பயனர் எதுவும் செய்யத் தேவையில்லை,
திறந்ததும் மின்னஞ்சல் தானாகவே அமையும்'
என்றது சுற்றுநிருபம், மூன்று மொழியிலும்.

பதினொன்று அப்படியே அமைந்தன.
காணிக்கிளை, கணக்குக்கிளை, சமுர்த்தி,
எல்லா மேசையிலும் வட்டம் சுற்றி நின்று
மழை விட்ட இரவின் ஈசல்போல்
கடிதங்கள் விழுந்தன.

பன்னிரண்டாவதற்காகத்தான்
வவுனியாவிலிருந்து வந்தேன்.
மாங்குளத்தில் பஸ் மாறி, பை மடியில்,
சட்டையெல்லாம் செம்புழுதி.

பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதி.
தயாளினி அக்காவின் மேசை.
அமைப்பை அழித்துத் திரும்ப ஏற்றினேன்.
பழைய கடவுச்சொல்லின் மிச்சங்களைத் துடைத்தேன்.
மணி ஏழு நிமிடம் பிந்தியிருந்தது. திருத்தினேன்.
அதுவல்ல.
மறுபடி திறந்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு வெள்ளைப் பெட்டியில் பிழையற்ற தமிழில்:
பயனரைக் காணவில்லை.

அக்கா கோப்பொன்றுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
"தம்பி, முதல் இதை இங்கிலீசுக்கு மாத்திவிடுங்கோ."
"விளங்குமா அக்கா?"
"விளங்காட்டிப் பரவாயில்லை."

மாற்றினேன்.
அந்த ஒன்றை மட்டும் மாற்ற
எனக்கு அனுமதி இருந்தது.

பிறகுதான் நிகழ்வுக் குறிப்பைத் திறந்து
வரிவரியாய் இறங்கினேன்.
பெயரை ஓரிடத்தில் எடுக்கிறது கணினி,
இன்னோரிடத்தில் தேடுகிறது.
எடுத்த பெயரில் ரீக்குப் பின்னால் ஓர் எச்.
தேடிய இடத்தில் எச் இல்லை.

"அந்த எச்சோ?" என்று சிரித்தார்.
முல்லைத்தீவில் பதிந்தபோது இருந்ததாம்.
செட்டிகுளத்துக் கூடாரத்தில் படிவம் நிரப்பிய பெடியன்
காதில் விழுந்தபடி எழுதினானாம்.
"பின்னாலை அவ்வளவு சனம்.
ஓர் எழுத்துக்காக ஆர் நிண்டு சண்டை பிடிக்கிறது?
அடையாள அட்டையிலை இல்லை. நியமனக் கடிதத்திலை இருக்கு.
சம்பளம் எச் இல்லாமல் வருது,
இடமாற்றம் எச்சோடை வருது."

ஊருக்கெல்லாம் பெயர் திருத்திக் கொடுப்பவர் அவர்.
சத்தியக்கடதாசி, முத்திரை, இரண்டு சாட்சி.
தன்னுடையதை எடுத்து வைத்ததில்லை.

கொழும்புக்கு எடுத்தேன். மறுமுனையில் லசித.
"எது சரியான பெயர்? சொல்லு, மற்றதை அழிக்கிறேன்."
போனைக் கையால் பொத்திக்கொண்டு
அக்காவைப் பார்த்தேன்.

அந்த நேரம் யன்னலடியில் ஒருவர்,
எட்டு நாள் பிள்ளையின் பதிவுக்கு.
அக்கா பேனையை அவர் பக்கம் தள்ளினார்.
"இங்கிலீசிலையும் நீங்களே எழுதுங்கோ.
வடிவாய், ஒவ்வோர் எழுத்தாய்.
அவசரமில்லை."
அவர் எழுதி முடிக்கும்வரை
அறையில் யாரும் பேசவில்லை.
லசிதவும் பொறுத்திருந்தான்.

பிறகு என் பக்கம் திரும்பி:
"ரெண்டையும் வைக்கேலாதோ?
எதுக்கு வந்தாலும் எனக்குத்தானே கடிதம்."

எனக்கு அது தோன்றவேயில்லை.
நாலு வருடம் இதே தொழில்.
ஒரு பெட்டி, இரண்டு முகவரி;
முகாமையாளர்களுக்கு அன்றாடம் செய்து கொடுப்பதுதான்.
மறுமுனையில் விசைகளின் சத்தம்,
"புளுவன், புளுவன்" என்றான் லசித,
"ஆனால் நாற்பது நிமிடம் பிடிக்கும்."

நாற்பது நிமிடம்.
பிளேன்ரீ வந்தது, முறிகண்டிக் கச்சான் வந்தது.
ஒருதடவை கரண்ட் போய் வந்தது.
இரண்டு இறப்புப் பதிவு, ஒரு விவாகப் பிரதி,
அக்கா வேலையை நிறுத்தவில்லை.
நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அடுப்பில் பால் வைத்தவன் மாதிரி.

வட்டம் நின்றது.
இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள்.
முதலாவது அந்தச் சுற்றுநிருபம்.

மூன்று மணி பஸ்ஸைத் தவறவிட்டேன்.
வேலை முடிந்ததாய் நான் நீட்டிய தாளில்
அக்கா தமிழில் கையெழுத்து வைத்தார்.
அதில் எச்சுக்கு இடமே இல்லை.