இருபது கிராம்

போலுப்பள்ளி தாண்டி
நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போனது பேருந்து.
கிருஷ்ணகிரிக்குள் நல்ல லாட்ஜ் உண்டு, ஆயிரத்து இருநூறு.
கம்பெனி எனக்குத் தருவது அறுநூறு, சாப்பாடும் சேர்த்து.
ஆகவே ஒவ்வொரு மாங்கூழ் சீசனுக்கும்
முனிரத்தினத்தின் மாடி.

நாலு அறை, ஒரு வராந்தா, நானூறு ரூபாய்.
கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்தினால்தான் தாழ்ப்பாள் விழும்.
கிரானைட் கம்பெனிக் காலண்டர்
மார்ச்சிலேயே நின்றிருந்தது.
ஹீட்டர் உண்டா என்றேன்.
"வெந்நீர் உண்டு, வாளிக்கு இருபது" என்றார்.

பதிவேட்டில் பெயர், ஊர், வந்த காரணம்.
தராசு சரிபார்க்க என்று எழுதினேன்.
எனக்கு மேலிருந்த வரிகளிலெல்லாம்
முனிரத்தினத்தின் கோணல் கையெழுத்து:
ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி. மேற்படி. மேற்படி.

இரவு பத்துக்குக் கரண்ட் போனது.
பெங்களூர் லாரிகள்
வராந்தாச் சுவரில் வெளிச்சத்தை வீசிவிட்டுப் போயின.
அடுத்த அறைக்காரர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.
அஞ்செட்டிப் பக்கம், பெயர் திம்மராயன்.
பொட்டலத்தில் மீதியிருந்த பரோட்டாவை
என் பக்கம் நகர்த்தினார்.

என்ன வேலை என்று கேட்டார்.
ஆலைகளில் எடைமெஷின்
பொய் சொல்கிறதா என்று பார்ப்பேன் என்றேன்.
மெல்லுவதை நிறுத்தினார்.
"ஆஸ்பத்திரி மெஷின் பொய் சொல்லுமா?"

பிறந்து நாலு நாள். ஏழாம் மாதத்துப் பெண்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள்.
அம்மாவை மட்டும் உள்ளே விடுகிறார்கள்.
இவருக்கு, மாலையில் நர்ஸ் சொல்லும் எண்.
நேற்று ஆயிரத்து நானூறு.
இன்று ஆயிரத்து முந்நூற்று எண்பது.

"எந்த மெஷினுக்கும் கொஞ்சம் பிழை உண்டு" என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
நான் தொழிலைச் சொன்னேன்,
அவர் வேறெதையோ கேட்டுக்கொண்டார் என்று.

இருபது கிராம் எவ்வளவு இருக்கும் என்றார்.
மரப்பெட்டியை எடுத்து வந்தேன்.
செல்போன் வெளிச்சத்தில்
வெல்வெட் குழிகளுக்குள் பித்தளை எடைக்கற்கள்.
சின்னதொன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"இவ்வளவுதானா" என்றார்.
ஒரு லாரி கடந்து போனபின்
"இவ்வளவா" என்றார்.

சோதனைக் கல்லை வெறுங்கையால் தொடக்கூடாது.
கையுறை வேண்டும், இல்லையென்றால் இடுக்கி.
விரல் வியர்வைக்கும் எடை உண்டு.
பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்தது.

ஒரு கிலோவை எடுத்தேன். இருநூறு, நூறு, ஐம்பது,
அந்த இருபது, அப்புறம் பத்து.
நான் சொல்லாமலே
தோள் துண்டை மடியில் விரித்தார்.
ஒவ்வொன்றாக வைத்தேன்.
சுருட்டி, இரண்டு கையாலும் ஏந்தினார்.
தலைப்பக்கம் எதுவெனத் தெரியாதவர் போல
ஒருமுறை திருப்பிப் பிடித்தார்.

"ஜில்லுனு இருக்குது" என்றார்.

காலை ஆறரைக்கு எனக்கு ஆலை.
சொல்லிவிட்டுப் படுத்தேன்.
கரண்ட் வரவில்லை. கொசு.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கும் சத்தம்,
நின்று, மறுபடி நடக்கும் சத்தம்.

கதவைத் தூக்கித் திறந்தபோது
வாசலில் துண்டும் அதற்குள் கற்களும்.
அடுத்த அறையில் பூட்டு.
"எட்டு மணிக்குத்தான் விடுவாங்க,
அஞ்சுக்கே போய் நிக்கறாரு" என்ற முனிரத்தினம்
குளிக்காத வெந்நீருக்கும் இருபது பிடித்துக்கொண்டார்.
துண்டைக் கொடுத்துவிடச் சொல்லி அவரிடமே தந்தேன்.

ஆலை வாசலில் மாங்காய் லாரிகள் வரிசையில் நின்றன.
கையுறை மாட்டி, மெல்லிய துணியால்
கிலோவைத் துடைத்தேன், இருநூறை, நூறை,
ஐம்பதை, பத்தை.
இருபதை மட்டும்
அப்படியே தட்டில் வைத்தேன்.

மெஷின் இருபது என்றது.
பிழை என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன்.
அதற்குள் பின்னால் ஹாரன்.