நாலு மணி வரை

தார் பீப்பாயை அறுத்து அடுப்புச் செய்ய
தம்பிராசா வாங்கியது மூவாயிரம்.
புகைபோக்கி, கழற்றிப் போட்டிருந்த பழைய பீலி.
அதற்குக் காசில்லை.
இனி இதற்குத் தின்னக் கொடுப்பதுதான் பாடு.

கந்தப்பளையில் தை மாதத்து இராத்திரி
தகரத்தின் உள்பக்கமும் வியர்க்கும்.
நிறை குறைந்து பிறந்தவள்
என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறாள்.
"அறை சூடா இருக்கணும்" என்றார் மிஸ்ஸி.
எதை எரித்து என்று சொல்லவில்லை.

சம்பளத் துண்டின் முதுகில் கணக்கு எழுதினேன்.
விலை ஒரு பக்கம்,
அணைந்த நேரம் மறுபக்கம்.

சவுக்கு. கட்டு முந்நூற்றைம்பது. பச்சை.
முனையில் நுரை கக்கிச் சீறிக்கொண்டே
தன் ஈரத்தைத் தானே காயவைத்து முடிப்பதற்குள்
பதினொன்றரை.
தண்ணீரை நிறுத்து வாங்கி
நெருப்பில் வைத்திருக்கிறேன்.

றப்பர் விறகு லொறியில் வரும், அவிசாவளைப் பக்கமிருந்து.
"நல்லா பத்தும் அக்கே" என்றான் சுமனதாச.
பத்தியது.
மலையேறி வந்த டீசலுக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன்.
பன்னிரண்டே முக்கால்.

சிரட்டைக் கரி, மூட்டை ஆயிரத்தெண்ணூறு.
புகையில்லை, வெடிப்பில்லை,
ஐந்து மணி வரை நல்ல பிள்ளையாய்ச் சிவந்திருந்தது.
விடிந்தால் எனக்கும் அவருக்கும் மண்டையிடி, குமட்டல்.
பீலி மூட்டில் ஒரு விரல் இடைவெளி;
கண்ணுக்குத் தெரியும் புகையென்றால்
அன்றைக்கே அடைத்திருப்பேன்.
பிள்ளையின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு
கரியின் மேல் கோடு போட்டேன்.
அது விலைக்காக அல்ல.

மிலாறு சும்மா கிடைக்கும் என்பார்கள்.
கவ்வாத்து மலையிலிருந்து
யாருடைய முதுகில் இறங்குகிறது என்று கேட்கமாட்டார்கள்.
சரசரவென்று பிடித்து, சட்டென்று சாம்பல்.

மிஞ்சியது ஏழாம் நம்பர் மலையில் பிடுங்கிப்போட்ட
கிழட்டுத் தேயிலைத் தூர்.
ஒரு வருசம் வெயில் கண்டது, கோடரிக்கு அடங்காதது.
பங்கறுத்துத் தர அவருக்கு ஒரு ஞாயிறு போனது.
மூன்று தூர் போட்டால் நாலு மணி.
நாலு தூர் போட்டால் விடியும்,
ஆனால் மாதக் கடைசிக்குத் தூர் இராது.

நாலு மணிக்குப் பிறகு என்ன என்று
துண்டைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன்.
சுவர் சுட்டது.

அந்தப் பக்கம் ரஞ்சிதமலர்
பஸார் கடைக்கு இடியப்பம் அவிக்கிறாள்.
லயத்துச் சுவர் ஒற்றைக்கல்;
சண்டையையும் இருமலையும் கடத்துவது
இதையும் கடத்தியிருக்கிறது, இத்தனை வருசமாய்.

கட்டிலைச் சுவரோடு தள்ளினோம்.
மூன்று தூர் போதும்.

நேற்று மூன்றரைக்கே சுவர் சூடேறியது.
அவளுடைய கடைக்காரன் ஆறு மணிக்கு முன் கதவு திறப்பதில்லை.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
இன்று காலை அவள் வாசற்படியில்
ஒரு தூர் வைத்துவிட்டு வந்தேன்.
சம்பளத் துண்டில்
அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.