நாலு விரல் தண்ணீர்

மோட்டார் முடிந்தவரை உறிஞ்சியது.
பிறகு காற்றைக் குடித்துக் கமறியது.
நிறுத்தச் சொன்னேன்.

மீதி நாலு விரல் ஆழம்.
ஹொரமாவில் மூன்று நாள் மழை கழிந்து
ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள்,
ஒல்லி என்பதால், நான்.

பெட்டியை நாலாம் மாடியில் நிறுத்தியாயிற்று,
மெயினைப் பூட்டியாயிற்று என்கிறார்
செயலாளர் பசவராஜ்.
அந்தச் சாவியை என்னிடம் கொடுங்கள் என்றேன்.
சட்டைப்பையில் அது கிடந்தால்
குனிவது கொஞ்சம் எளிது.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு சந்து.
மக் நுழையாது. டம்ளரும்.
பழைய பனியனைத் திணித்து, இழுத்து, பிழிந்து,
திணித்து, இழுத்து.
கயிற்றை ஆட்டினால் தாசப்பா வாளியைத் தூக்குவான்.
போகிற வாளி
என் பிடரியில் கொஞ்சம் திருப்பித் தரும்.

அகப்பட்டவை:
ஐந்து ரூபாய் மூன்று, ஒரு இன்ஹேலர்,
போன தீபாவளிக்கு 302-க்காரர்
பூட்டை உடைத்தாரே, அதன் சாவி.

மூலையில் ஒரு தவளை.
வாளியைச் சாய்த்துக் காட்டினேன், ஏறவில்லை.
சரி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தரை தெரிந்தது. சிமெண்டின் நிறமே மறந்திருந்தது.
ஒரு கையால் தவளையை நகர்த்தினேன்.
அது உட்கார்ந்திருந்த இடத்தில்
மயிரிழை விரிசல்.
அதிலிருந்து
நான் இறைத்ததைப்போல் நாறாமல், கலங்காமல்,
ஜில்லென்று ஊறுகிறது.

கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

"ஆயிதா?" என்று மேலிருந்து டார்ச் அடிக்கிறார் பசவராஜ்.

இன்றைக்கு ஆயிற்று, சார்.

தவளை திரும்பி வந்து
விரல் எப்போது எடுபடும் என்று
பக்கத்திலேயே காத்திருக்கிறது.