வையாளி

எட்டாம் திருநாள் இரவு.
ஒன்பது மாதமாய்த் தெருப்பக்கம் வராதவள்
பால் பாக்கெட்டுக்காக இறங்கி
திருவல்லிக்கேணிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன்.

முனையில் தீவட்டிப் புகை.
மரக்குதிரை மேல் பெருமாள்.
தண்டுக்கடியில் அத்தனை தோள்களும் ஒரு மூச்சாய்ச் சாய்ந்து
ஓடிவந்தன.
குதிரையின் கண்ணாடிக் கண் என் முகத்துக்கு நேரே வந்து
ஒரு முழம் தள்ளி நின்றது.
நின்றபடியே பின்வாங்கி
புறப்பட்ட இடத்துக்கே போனது.
மறுபடி வந்தது.
மறுபடி.

எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.
அது எங்கும் போகவில்லை.

இடது பின்தண்டில் தோத்தாத்ரி.
பகலில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பேப்பர் கட்டு இறக்குபவர்.
போன சித்திரையில் மனைவியைக் கொடுத்தவர்
வாயெல்லாம் பல்லாக ஓடினார்.
அந்தச் சிரிப்பை மன்னிக்க
எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு
பரிதியின் பி.டி. ஷூவை எடுத்தேன்.
வெள்ளைப் பாலிஷ் வெடித்திருந்தது.
அவனுக்கும் எனக்கும் ஒரே அளவு,
சைஸ் ஐந்து;
ஆறாம் வகுப்பில்தான் என்னை எட்டிப் பிடித்தான்.
காய்ச்சல் நாலு நாள்.
அதற்குமேல் அதைச் சொல்லப் போவதில்லை.

ஓமந்தூரார் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது:
இரவு ஒரு மாத்திரை, காலை அரைமணி நடை.
நடந்து பார்த்தேன் டாக்டர்.
நடந்தால் அது கூடவே நடக்கிறது,
கை கோத்துக்கொண்டு.
ஓடினால்
அதற்கும் மூச்சு வாங்குகிறது.

மெரினா சர்வீஸ் ரோட்டில்
போலீஸ் வேலைக்குப் பழகும் நொச்சிக்குப்பத்துப் பெண்கள்
என்னைத் தாண்டிப் போவார்கள்.
"அக்கா, தோளை இறக்கு" என்பாள் ஒருத்தி.
ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.
மணலில் சவாரிக் குதிரைகள்
நின்றபடி தூங்கும்.
கலங்கரை விளக்கத்தின் சுவரை ஒரு கை தொட்டுவிட்டு
வந்த வழியே திரும்புவேன்.
முதல் வாரம் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.
மூன்றாம் வாரம் பசித்தது.
நடைபாதையில் நின்று நாலு இட்லி தின்றேன்,
யாரோ பார்ப்பது போல வெட்கமாய்.

ஆனியில் ஷூ கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்தது.
புதிது வாங்கலாம். விலைகூடக் கேட்டேன்.
கடையில் கால்மேல் கால் போட்டிருந்தபோது
தோத்தாத்ரி அந்தக் கிழிசலைப் பார்த்தார்.
பேப்பர் கட்டை இறக்கினார்,
வவுச்சரில் கையெழுத்துப் போட்டார்,
தன் வண்டியிலிருந்த பிரவுன் டேப் சுருளை
மேஜையில் வைத்துவிட்டு
தோள் காய்ப்பைத் தேய்த்தபடி
போய்விட்டார்.