நிறம் மாறும் நாடா

குளியல் தொட்டியில் மூன்று செடிகள் நிற்கின்றன:
செம்பருத்தி, மணி பிளான்ட்,
விரல்களைக் குடையாய் விரிக்கும் ஷெஃப்லெரா.
ஆஸ்ட்ராவாவில் பிப்ரவரி. வெளியே
டிராம் கம்பிகளில் பனி உறைந்து
முதல் வண்டி பொறி பறக்க வருகிறது.
இரவு வேலை முடிந்த கையோடு
சட்டைக் கையை மடித்து மண்டியிடுகிறேன்.

மருந்து அடித்ததா என்று கேட்டேன்.
பூக்கடை பிளஜெனாவுக்குப் பொய் வராது.
"ஹாலந்திலிருந்து லாரியில் வருகிறது.
வேர் என்ன குடித்ததென்று
வேரைத்தான் கேட்கணும்."
அந்தப் பதிலுக்காகவே அவளிடம் வாங்கினேன்.
ஃபைக்கஸை மட்டும் திருப்பி வைத்தேன்,
ஒடிந்த காம்பில் பால் கசிந்தது.

முதலில் மண்.
சட்டியைக் கவிழ்த்துத் தட்டினால்
வேர் சட்டியின் வடிவிலேயே நிற்கிறது,
வீடு போனது தெரியாதவர் மாதிரி.
விரலால் கோதிக் கோதி உதிர்க்கிறேன்.
வெள்ளை வெள்ளையாய் நுரைக்கல்,
புழுவென்று நினைத்து நாக்கை வீசுவான்.
கடுகு போல் மஞ்சள் மணிகள், மெல்லக் கரையும் உரம்.
எல்லாம் சல்லடையில்.

பிறகு இலை.
மேல்பக்கத்தை யாரும் கழுவுவார்கள்.
சிலந்திப்பூச்சி வலை கட்டுவதும்
மருந்து உலர்ந்து கிடப்பதும் அடியில்.
பதினெட்டு வருஷமாக மருத்துவமனையில்
கத்தரிக்கோல்களை விரித்துக் கழுவுகிறவள் நான்.
மூடிய கத்தரிக்கோல் சுத்தமாகாது என்று
புதிதாக வருகிறவர்களிடம் கத்துவேன்.
காம்பின் கவட்டையிலும் அப்படித்தான் துழாவுகிறேன்.

அங்கே ஒரு வசதி.
பொட்டலத்தின் மேல் நாடா ஒட்டுவோம்.
நூற்று முப்பத்து நாலு டிகிரி நீராவி பட்டதும்
அதன் வெளிறிய கோடுகள் கறுக்கும்.
கறுக்காத பொட்டலம் அறுவை மேசைக்குப் போகாது.

இலைக்கு நாடா இல்லை.
வெளியே படிந்ததை விரல் கழற்றும்.
உள்ளே குடித்தது நரம்பில் ஓடிக்கொண்டிருக்கும்,
அங்கே சோப்பு எட்டாது.

போன வருஷம் ஓட்டகார் கறுத்தான்.
செம்பருத்தியில் அரைவட்டமாய் ஒரு கடி,
அதற்கு மூன்றாம் நாள்.
மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
இலையாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம்,
வெட்டிப் பார்த்தாலும் உறுதியில்லை.
கடையிலிருந்து கொண்டுவந்து
அன்றே கூண்டில் வைத்த செடி.
அவனைத்தான் நாடாவாக ஒட்டியிருந்தேன் என்று
அப்போது தெரியாது.

இப்போது க்விடோ.
ப்ர்னோவில் முட்டை உடைத்து வந்தவன்,
யேமன் மலையை அவன் பாட்டனும் கண்டிருக்க மாட்டான்.
திறந்த கதவுக்கு அப்பால்
பிளாஸ்டிக் கொடியைப் பற்றிக்கொண்டு
ஒரு கண்ணால் என்னை, ஒரு கண்ணால் செடியை.
பேச்சு மாறுகிறவனைப் பச்சோந்தி என்பார்கள்.
இவனுக்கோ எதையும் மறைக்கத் தெரியாது:
குளிர்ந்தால் கருமை, சினந்தால் கோடு,
உறங்கினால் பிஞ்சு வெண்டையின் பச்சை.

புது மண், உரமில்லாதது.
மேலே ஆற்றுக் கூழாங்கல்,
ஒவ்வொன்றும் அவன் வாயைவிடப் பெரியது.
அளவு பார்க்க முகத்தருகே நீட்டினேன்,
சீறினான்.
நாட்காட்டியில் மார்ச் கடைசியை வட்டமிட்டேன்.
கடையில் பிறந்த இலை உதிரட்டும்,
ஜன்னலில்லாத இந்த அறையில்
என் விளக்கில், என் தண்ணீரில்
பிறக்கிற இலை வரட்டும்.

ஐந்து வாரமாக மருத்துவமனையில்தான் குளிக்கிறேன்.
யாரும் காரணம் கேட்கவில்லை.

இன்று செம்பருத்தி நுனியில்
காதுமடல் அளவு ஓர் இலை,
சுருக்கம் இன்னும் பிரியாமல்.
கிள்ளினேன். மென்றேன்.
கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் புல்.
இதனால் எதுவும் நிரூபணமாகாது, தெரியும்.
க்விடோ இரண்டு கண்களையும்
என் வாயின் மேல் வைத்திருக்கிறான்.

பொறு.
விடியட்டும்.
முதலில் என் நிறம் பார்க்கிறேன்.