இது தாங்கும்

நிமிடத்துக்கு அறுபது ரூபாய்.
ஒரு வரிக்கு நாற்பது எழுத்து, அதற்கு மேல் கூடாது.
தண்டையார்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
லண்டனுக்குத் தமிழ் எழுதுகிறேன்.

கறுப்பு வெள்ளை. ஐம்பத்தாறில் எடுத்தது.
துறைமுகக் கூலி ஒருவன்
கணக்கரின் மகளைக் காதலிக்கிறான்.
மழை. பனி. மறுபடி மழை.
எல்லார் வாயிலும் சிகரெட்,
இருமலுக்கு மருந்து தரும் டாக்டர் வாயிலும்.

கார் ஓடும் காட்சியில் கார் ஓடவில்லை.
பின்னால் திரையில் தெரு ஓடுகிறது,
நாயகன் ஸ்டியரிங்கைச் சும்மா ஆட்டுகிறான்
ராட்டினக் குதிரையில் ஏறிய பையன் மாதிரி.
அழுதும் அவள் மை கலையவில்லை.
அப்பா மகளை அறைகிறார்,
வயலின்கள் உடனே அவரை மன்னித்துவிடுகின்றன.
அங்கே எனக்கு எழுத ஒன்றுமில்லை, ஆனாலும்
நிறுத்திவிட்டு டீ போடப் போனேன்.

அவன் பேசுவது கூலிக்காரன் இங்கிலீஷாம்.
எனக்கே தெரிகிறது, நாடகப் பள்ளியில் படித்தது.
வார்த்தையின் வாலைக் கடித்துத் துப்பினால்
ஏழையாகிவிடலாமென்று யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள்.
நமக்கு இது புதிதா?
எங்கிருந்தோ வந்தவன் கன்னத்தில் கரி தடவி
‘இன்னாமே’ என்பான்.
நாமும் விசிலடிப்போம்.
வெளியே வந்து பீடா போடும்போதுதான்
எந்த ஊர்க்காரன்டா இவன் என்போம்.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
வாடகை கேட்டுக் கதவு தட்டப்படும்போது
நாயகனின் அம்மா விளக்கை அணைத்து
மேஜைக்கடியில் மண்டியிட்டு மூச்சடக்குகிறாள்,
கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.
அதற்கு வயதே ஆகவில்லை.

தொட்டி நிரம்புகிறது, மோட்டாரை நிறுத்து என்று சொல்ல வந்த
தஸ்தகீர் வாசலிலேயே நின்றுவிட்டான்.
இருபத்தெட்டு வயது. ஹார்பரில் நைட் ஷிப்ட்.
திரையில் நாயகன் மூட்டைகளைக் கொக்கியில் மாட்டுகிறான்.
‘தாங்காது,’ என்றான் தஸ்தகீர்.
‘ஸ்லிங்க இப்டிப் போட்டா பாதில பிரிஞ்சுடும்,
கீழ இருக்கவன் காலி. இந்தாளு கூலியே இல்ல.’
பிறகு, ‘கொஞ்சம் பின்னால போ.
இவன் இல்ல. இவனுக்குப் பின்னால.’

நாயகனின் தோளுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில்
ஒருவன் குந்தியிருக்கிறான்.
கம்பளித் தொப்பி. இரண்டு அளவு பெரிய கோட்டு.
நம் நிறம்.
கப்பல் வடத்தைச் சுருட்டுகிறான்,
சுற்றுக்கு ஒரு தட்டு,
கேமரா இருப்பது தெரியாமல்
அல்லது தெரிந்தும், வேலை முடியட்டும் என்று.
நான்கு விநாடி.

‘இது கரெக்ட்டு. இது தாங்கும்.’

மூன்று முறை ஓட்டினோம்.
நான்காம் முறை கைகளை மட்டும்.
மேலே தொட்டி வழிந்து
மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்தது.

பெயர்ப் பட்டியலில்
முடி சிங்காரித்தவர் இருக்கிறார், நாய் இருக்கிறது.
அவன் சிட்டகாங்கா, கொச்சியா,
இதோ காசிமேட்டிலிருந்து கப்பலேறியவனா?
எனக்குத் தெரியாது, இட்டுக்கட்டவும் மாட்டேன்.
வாய் திறக்கவில்லை அவன்,
மொழிபெயர்க்க ஒரு சொல்கூடத் தரவில்லை.
அவனை எடுக்க வேண்டுமென்று யாரும் எடுக்கவில்லை.
நகரச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.

போன மாதம் எங்கள் சந்திலும் ஷூட்டிங்.
பட்டாக்கத்தி, கேரம் போர்டு, வாளி நிறைய ரத்தம்.
டிரம்மையெல்லாம் எடுங்கம்மா, ஃப்ரேமில் நீலம் அடிக்குது
என்று மைக்கில் கத்தினார்கள்.
லாரி வரும் நேரம்.
ஜெயசீலி தன் டிரம்மின் மேல் கை ஊன்றி நின்றாள்.
கேமராவை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள்.
அவளும் டிரம்மை
ஒரு முழம் தள்ளி வைத்தாள்.